போளூரில் எழும்பாத ஹோட்டல்

போளூர் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி மேற்குத் திசையை நோக்குகிறவர்களுக்கு ஜவ்வாது மலை ஒரு நீலச் சுவர்போலக் காட்சியளிக்கும். ஊரை ஒட்டினாற்போல் சம்பத்கிரிக் குன்றும் அதன்மேல் நரசிம்மப் பெருமாள் கோயிலும். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் இந்த ரயில் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது. இந்த நூற்றாண்டில் அகலப் பாதையாயிற்று. ரயில் வந்து இத்தனை தலைமுறைகள் கடந்தும், இம்மலையழகை நம்பி ரயில்வேக்காரர்கள் இங்கே ஒரு ஹோட்டல்கூடக் கட்டவில்லை.

நம்முடைய நண்பர் ஒருவருக்கு இது பெருங்குறையாகப் பட்டது. "வாத்தியாரே, வெள்ளைக்காரன் கோட்டைவிட்டதை நாம் பிடிப்போம். மலைமேல் நிலம் வாங்கி ஓர் உல்லாச விடுதி கட்டுவோம். உம்முடைய சேமிப்பையும் போடும்" என்றார். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் தொண்டையை வறட்டிச் சேர்த்த பணம் நம்மிடம் சிறிது இருந்தது. பெண்ணின் கல்யாணமும் எதிரே நின்றது. ஆசை யாரை விட்டது? இடத்தைப் பார்த்துவரலாமென்று ஒரு மார்கழி மாதக் காலையில் இருவருமாகப் புறப்பட்டோம்.

ரயிலுக்கும் ஹோட்டலுக்கும் உள்ள உறவு உலகப் பிரசித்தமானது. வங்காள நாகபுரி ரயில்வே, 1925இல் பூரியின் கடற்கரையில் ஒரு ஹோட்டல் திறந்தது. அமெரிக்காவில் கிளேஸியர் என்னும் தேசியப் பூங்கா 1910இல் ஏற்பட்டதும், கிரேட் நார்தர்ன் ரயில்வே தன் பிரயாணிகளுக்காக 1913இல் ஒரு பெரிய விடுதியையும், 1915இல் ஏரிக்கரையில் மற்றொன்றையும் எழுப்பியது. முதல் விடுதியின் கூடத்தைத் தாங்குபவை, பட்டையுரிக்காத நாற்பதடி மரங்கள். படங்களில் பார்த்தாலே மனம் மயங்கும். நண்பர் அப்படங்களைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டே வந்தார்.

ஆனால் அக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த மலைகளின் கிழக்குப் பாதி பிளாக்ஃபீட் என்னும் ஆதிகுடிகளுக்கு உரியதாயிருந்தது. பஞ்சத்தில் அடிபட்டிருந்த அவர்களிடமிருந்து 1895இல் பதினைந்து லட்சம் டாலருக்கு அரசாங்கம் அதனைப் பெற்றுக்கொண்டது. பூங்கா வந்தபின் அங்கே வேட்டையாடும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. விடுதி வந்தபோதோ, இறகுக் கிரீடம் சூடி ரயிலடியில் நின்று விருந்தாளிகளை வரவேற்கும் வேலை கிடைத்தது. சொந்த வீட்டின் வாசலில் காட்சிப் பொருளாக நிற்பதைவிடப் பெரிய அவமானம் எது?

நம் நாட்டு ரயிலடிகளும் இவ்விஷயத்தில் குற்றமற்றவை அல்ல. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்த வழக்கம், பெரியாரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. விடுதி என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல. உள்ளே வரத்தக்கவர் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதில் அடங்கியிருக்கிறது.

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பஸ் வளைந்து வளைந்து ஏற ஏற, காற்றில் குளிர்ச்சி கூடுகிறது. கீழே வயல்கள் பச்சைச் சதுரங்கப் பலகையாய்ச் சுருங்குகின்றன. ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. சங்க நூலாகிய மலைபடுகடாம் பாடும் சேயாறு, இன்றைய செய்யாறு, இம்மலைத் தொடரிலேதான் பிறக்கிறது. மேலே ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரியும், சற்றுத் தள்ளிப் பீமன் அருவியும் கண்ணுக்கு விருந்து. கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடிய பழங்காலக் கற்திட்டைகளும் இம்மலையில் உண்டு. இறந்தவருக்காக எழுப்பிய அவ்வீடுகள்தாம் இங்கே மிஞ்சியுள்ள மிகப் பழைய கட்டிடங்கள்.

இங்கு வாழும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர்; கேரளத்தாரல்லர், மலையை ஆள்பவர். காஞ்சிபுரத்திலிருந்து ஏறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. சாமையும் புளியும் தேனுமே அவர்களுடைய செல்வம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசாங்கத்தின் சொத்தாக்கிற்று. பரம்பரையாக அனுபவித்தவர்களின் உரிமையை ஏற்கும் சட்டம் வந்தது 2006இல்தான்.

நண்பர் பார்த்து வைத்திருந்த நிலத்தில் சாமை அறுவடை முடிந்திருந்தது. அதன் உடைமைக்காரியான மூதாட்டி எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் இட்டாள். பணம் நீட்டினோம், வாங்க மறுத்தாள். பிறகு நண்பர் விலை பேசத் தொடங்கினார். லட்சங்களை அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "சாமி, நெலத்தைக் குடுத்துட்டா நீங்க வந்து தங்க ஓட்டல் கட்டுவீங்க. நாங்க போய்த் தங்கறதுக்கு எந்த ஊர்ல ஓட்டல் கட்டியிருக்குது?" என்றாள்.

கோபமில்லை, கேலியுமில்லை. தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டாள். பரீட்சை மண்டபத்தில் விடை தெரியாத மாணாக்கன்போல் நாம் தலைகுனிந்தோம்.

அன்றிரவு எளியதொரு விடுதியில் தங்கினோம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோது, வானம் நட்சத்திரங்களின் பாரத்தால் தாழ்ந்து வந்ததுபோலிருந்தது. இந்த இருளுக்காகவே வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் இம்மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்து, 1960களின் இறுதியில் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்ற 1977ஆம் வருஷத்துக் கண்டுபிடிப்பில் காவலூருக்கும் பங்குண்டு. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. அதைக் காணாமலே பாப்பு 1982இல் மறைந்தார். உல்லாச விடுதிகளின் விளக்குகள் மலையெங்கும் எரியத் தொடங்கினால், அந்தத் தொலைநோக்கியின் கண்ணில் நாமே மண்ணைத் தூவியவர்களாவோம்.

விடுதியே வேண்டாமென்பது நம் கட்சியன்று. வருகிறவர்களுக்கு உறங்க இடமும் உண்ணச் சோறும் வேண்டும். அதை மலைமக்களே தம் நிலத்தில், தம் வீட்டோடு சேர்த்துச் சிறியதாய் நடத்தட்டும். விளக்கு தரையைப் பார்க்கட்டும். வருமானம் மலையிலேயே தங்கட்டும். அந்த மூதாட்டியின் திண்ணையைவிடச் சிறந்த விருந்தினர் விடுதியை எந்த ரயில்வேக் கம்பெனி கட்டிவிட்டது?

மறுநாள் இறங்கும்போது, நமது பணம் இதற்கு வராதென்று நண்பரிடம் சொல்லிவிட்டோம். அவர் போளூர் ஸ்டேஷன் வரையில் எம்முடன் பேசவில்லை. ரயில் புறப்படும் சமயத்தில், நீல மலையை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "அவரைக்காய்க் குழம்பு நன்றாயிருந்தது, வாத்தியாரே!" என்றார்.