நன்மை செய்வோர் என்னும் பட்டம்

மிளகு பறிக்கும் காலத்தில் கொல்லிமலை மக்கள் பகல் முழுவதும் தோட்டத்திலேயே இருப்பார்கள். மாலைத் திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்தில் சற்று நேரம் நின்று பேசிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். பேச்சு மிளகு விலையில் தொடங்கும்; சாலை, பேருந்து, இலஞ்சம் என்று சுற்றி அரசியலில் வந்து நிற்கும். "நல்ல மனசுள்ள ஒரு சர்வாதிகாரி பத்து வருஷம் ஆண்டாப் போதும், சாமி, எல்லாம் நேராயிடும்" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையசைப்பார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த விருப்பத்தை நாம் சற்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடிப் பதினெட்டில் விழாவும் நடைபெறுகிறது. அவனுடைய கொடைக்கு வன்பரணர் சான்று பகர்கிறார். ஆனால் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, இம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதும் சங்க இலக்கியம் தரும் செய்தியே. மலை கைமாறியபோது மலைமக்களை எவரும் கேட்டதாகச் செய்தி இல்லை. ஒரு மனிதனின் உயிரில் மட்டும் தங்கியிருக்கும் நன்மை, அவன் வீழும்போது அவனுடனேயே வீழ்ந்துவிடுகிறது.

1975 ஜூன் 25 அன்று நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது நான் சிறுவன். இரயில்கள் நேரத்துக்கு வந்தன, அலுவலகங்களில் ஆட்கள் இருந்தார்கள் என்று பெரியவர்கள் பின்னர் பல ஆண்டுகள் மெச்சிப் பேசக் கேட்டிருக்கிறேன். அதே காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தனர். 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டது. வடமாநிலங்களில் ஏழைகள் கட்டாயக் கருத்தடைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாடவும் வழியில்லை என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது, நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 1977 தேர்தலில் வடநாடு இந்திரா காந்தியைத் தோற்கடித்தது. தமிழகத்திலோ அவருடைய கூட்டணியே பெருவாரியான இடங்களை வென்றது. அடி விழுந்த முதுகுக்கு ஒரு நினைவு. இரயிலுக்குக் காத்திருந்தவருக்கு வேறொரு நினைவு.

கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் அக்காலத்தில்தான் வந்தது என்று சிலர் எடுத்துக்காட்டுவர். அது நல்ல சட்டமே. நெருக்கடிநிலை 1977 மார்ச்சில் நீங்கியது. சட்டமோ இன்றும் நிற்கிறது. அந்த நன்மைக்குச் சிறைச்சாலைகள் தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தனியாட்சி நடத்துவோர் எந்நாட்டிலும் மூன்று நியாயங்களையே மாற்றிமாற்றிச் சொல்கிறார்கள்: மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை, நாடு ஆபத்தில் இருக்கிறது, விளைவைப் பாருங்கள். மக்கள் எப்போது பக்குவமடைந்தார்கள், ஆபத்து எப்போது நீங்கியது, விளைவு உண்மையா என்று தீர்ப்பிடும் உரிமையையும் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். அதனால் அந்த நாள் வருவதே இல்லை.

ஆண்டவருக்கு இந்தத் தந்திரம் தெரிந்திருந்தது. இறுதி இராவுணவின்போது, தங்களுள் யார் பெரியவர் என்று சீடர் வாதிட்டனர். பிற இனத்து அரசர்கள் மக்களை அடக்கி ஆண்டுகொண்டே நன்மை செய்வோர் என்று பெயர் பெறுகிறார்கள். உங்களிடையே அப்படி இருத்தலாகாது என்னும் கருத்தில் அவர் அவர்களைத் திருத்தியதை லூக்கா எழுதுகிறார். அது வெறும் உவமை அன்று. எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி 'நன்மை செய்பவன்' என்றே பட்டம் சூடியிருந்தான். பின்னர் எட்டாம் தாலமியும் அதே பட்டத்தைச் சூடிக்கொண்டபோது, அலெக்சாந்திரியா மக்கள் ஓர் எழுத்துக் கூட்டத்தை மாற்றி அவனைத் 'தீமை செய்பவன்' என்று அழைத்தார்களாம்!

"திருச்சபையில் மட்டும் என்ன நடக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. பங்குப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு என்கிறது திருச்சபைச் சட்டம். "நீங்களே முடிவு பண்ணிடுங்க, சாமி" என்று மக்கள் எழுந்து போகும்போது அது குருவுக்கு இனிக்கத்தான் செய்யும். நல்லெண்ணம் உள்ளவருக்கே அந்த இனிப்பு மிகுதி. ஆனால் பங்கில் நிதிக்குழு இருந்தே தீரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சில ஆண்டுகளில் ஆயரின் மாற்றல் கடிதமும் வந்துவிடுகிறது. குருவின் நல்ல மனத்தை மட்டும் நம்பி எதையும் விடாதது திருச்சபையின் ஞானம். ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கவும், கணக்குக் கேட்கவும், அமைதியாக மாற்றவும் குடிமக்களுக்கு வழியிருப்பதே மக்களாட்சியின் மேன்மை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1991இல் வெளியிட்ட சுற்றுமடலில் போதித்ததும் இதனையொட்டியே.

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் உள்ளன. குடியரசு நாளிலும் மே முதல் நாளிலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் அங்கெல்லாம் கிராம சபை கூடவேண்டும். நல்ல சர்வாதிகாரியைத் தேடும் அன்பர்களே, அந்நாளில் மிளகுக் கூடையைச் சற்று இறக்கி வைத்துவிட்டு அங்கே போங்கள். சாலைக்கு வந்த பணம் எங்கே என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். பங்குக் கணக்கையும் அப்படியே என்னிடம் கேளுங்கள்.