தண்ணீர் வைத்திருந்த கணக்கு

பவளத் தொட்டி வளர்க்கும் எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்? ஹைதராபாத்தின் ஓர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவியும் அதையே கேட்டாள். ஆய்வை முடித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்த மூத்த மாணவர், “திங்கட்கிழமைதோறும் பத்தில் ஒரு பங்கு” என்று கூறிப் பதிவேட்டை அவளிடம் ஒப்படைத்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆய்வகத்தில் 200 லிட்டர் தொட்டிகள் இரண்டு இருந்தன. பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. ஆகவே இத்தொட்டிகளில் வளர்ந்தவை மென்பவளங்களே. ஒரு தொட்டிக்கு வழக்கமான ஒளி. மற்றதற்கு அதில் பாதி. ஒளி குறையும்போது பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளின் அடர்த்தி எவ்வாறு மாறுகிறது என்பதே அவளுடைய ஆய்வு.

கடலற்ற ஊரில் தண்ணீர் மாற்றுவது எளிய வேலையன்று. ஒரு தொட்டிக்கு 20 லிட்டர். ஆர்.ஓ. நீரைப் பிடித்து, ஏறத்தாழ 700 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஓரிரவு முழுதும் சுழலவிட்டு, உப்பளவையும் வெப்பத்தையும் சரிபார்த்த பிறகே ஊற்ற வேண்டும். இரண்டாம் ஆண்டின் இடையில் உதவித்தொகை வருவது நின்றது. விடுதிக் கட்டணமே கடனாகிவிட்ட நிலையில், எஞ்சிய உப்பு ஒரு தொட்டிக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. வழக்கமான ஒளியுள்ள தொட்டிக்கு அவள் நீர் மாற்றினாள். மங்கிய ஒளியுள்ளதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். பதிவேட்டில் இரண்டுக்கும் குறியிட்டாள்.

அடுத்த வாரமும் அப்படியே கழிந்தது. ஆவியாகிக் குறையும் நீரை அவள் நாள்தோறும் நன்னீரால் ஈடுசெய்து வந்ததால் தொட்டியின் மட்டம் இறங்கவில்லை. நீர் தெளிவாக இருந்தது, பவளங்கள் விரிந்திருந்தன. ஆவியாவது நீர் மட்டுமே. கரைந்திருப்பவை தொட்டியிலேயே தங்கிவிடும். மட்டத்தை நிரப்புவது வேறு, நீரை மாற்றுவது வேறு. இதை அவள் அறியாதவளல்லள். ஆயினும், கண்ணுக்குக் கேடு தெரியாதவரை குறியிடுவதில் கை தயங்கவில்லை.

மூன்று மாதங்களில் முடிவு வந்தது. மங்கிய ஒளியில் பவளங்கள் கருமை கலந்த பழுப்பாயின. பாசிச் செல்களின் எண்ணிக்கை வாரந்தோறும் ஏறியது. நெறியாளர் மகிழ்ந்தார். கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பப்பட்டது. அதற்கு அறிமுகப் பகுதி எழுதுவதற்காகப் பழைய கட்டுரைகளைப் புரட்டியபோதுதான், நீரில் நைட்ரேட் மிகுந்தாலும் இப்பாசிகள் பெருகும் என்ற செய்தி அவள் கண்ணில் பட்டது.

அன்றிரவு இரு தொட்டிகளின் நைட்ரேட்டையும் அளந்தாள். ஒன்றில் லிட்டருக்கு 20 மில்லிகிராம். மற்றதில் 46.

மூத்த மாணவர் சொல்லாமல் விட்ட காரணத்தை அவள் அன்றுதான் காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து நைட்ரைட், அதிலிருந்து நைட்ரேட். அதன்பின் பெரும்பகுதிக்கு வெளியேற வழியில்லை. வாரத்துக்கு 2 மில்லிகிராம் ஏறும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மாற்றினால், அளவு 20ஐத் தொட்டு 18க்கு இறங்கும். மீண்டும் 20க்கு ஏறும். ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் உச்சம் 10. வாரந்தோறும் ஏறுவதை மாற்றும் பங்கால் வகுத்தால் உச்சவரம்பு கிடைக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு அதுவே விடை. 18இலிருந்து 46 வரை 28. வாரத்துக்கு 2 வீதம் 14 வாரங்கள். பதிவேடு மறைத்ததைத் தண்ணீர் கணக்குத் தவறாமல் வைத்திருந்தது.

அதே கணக்கு இன்னொரு வழியையும் காட்டியது. அறுபது விழுக்காடு நீரை மாற்றினால் 46 ஏறத்தாழ 18 ஆகிவிடும், யாரும் அறியார். கடன் வாங்கி உப்பு வாங்கினாள். 120 லிட்டரை ஒரே இரவில் மாற்றினாள். நைட்ரேட் இறங்கியது. ஆனால் பல வாரங்களாகக் காரத்தன்மை 6 டிகிரிக்குத் தேய்ந்திருந்த நீரில் 11 டிகிரி கொண்ட புதுநீர் கலந்து, விடிவதற்குள் 9 ஆகியிருந்தது. வாரம் பத்து விழுக்காடாக நான்கு முறை மாற்றினால் 34 விழுக்காடு கழிவே நீங்கும். ஒரே முறை நாற்பது மாற்றினால் நாற்பதும் நீங்கும். வேதியியல் கணக்கில் பெரிய மாற்றமே இலாபம். சிறுகச் சிறுக மாற்றச் சொல்வது உயிர்களை முன்னிட்டே.

மூன்றாம் நாள் தோல் பவளம் சுருங்கிச் சரிந்தது. பூப்போல் விரியும் சிறு பவளங்களில் பல கரைந்துபோயின. நெறியாளர் தொட்டியின் முன் நெடுநேரம் நின்றார். “ஒளிக்குறைவைத் தாங்க முடியாமல் போயிருக்கலாம் அம்மா. இதுவும் ஒரு முடிவுதான், எழுதிவிடுங்கள்” என்றார்.

அதுவரை பொய் ஒரு நோட்டில் மட்டும் இருந்தது. இப்போது நேர்மையான ஒருவர் அதை நம்பி ஒரு விளக்கத்தையே கட்டத் தொடங்கியிருந்தார். “சார், ஒளி காரணமில்லை. 14 வாரம் நான் தண்ணீர் மாற்றவில்லை” என்று அவள் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை, அமர்ந்துகொண்டார். “உப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். சற்று நேரத்துக்குப் பின், “சொல்லக்கூடிய இடமாக நானும் வைத்திருக்கவில்லை போலும்” என்றார்.

சுருக்கம் திரும்பப் பெறப்பட்டது. 14 வாரத் தரவுகள் ஆய்வேட்டிலிருந்து நீக்கப்பட்டன. சோதனை முதலிலிருந்து தொடங்கியது. பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது.

புதிய பதிவேட்டில் திங்கட்கிழமைக்கு இரண்டு கட்டங்கள் உள்ளன: மாற்றப்பட்டது, மாற்றப்படவில்லை. இரண்டாவதன் அருகே காரணம் எழுதச் சிறிது இடமும் உண்டு. அடுத்து வந்த மாணவரிடம் அதைக் கொடுத்தபோது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அவரும் கேட்டார். அவள் முதலில் நைட்ரேட்டை அளக்கக் கற்றுக்கொடுத்தாள்.