பழைய கதவும் தவழும் பேரனும்

பொங்கல் வந்தால் எங்கள் கோவில்பட்டி வீடுகளில் வெள்ளையடிப்பு அமளிதான். சுண்ணாம்புக்குப் பயமில்லை. போன மார்கழியில் பெயிண்டர் அண்ணாச்சி, மாமனார் காலத்து எனாமல் கதவை உப்புத்தாளால் தேய்க்க வந்ததும், "கொஞ்சம் பொறுங்க" என்றேன். வீட்டில் தவழும் பேரன்!

பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம், சகோதரிகளே. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வேறு, அது வெள்ளீயம்.) தேய்த்த தூசி தரையில் படியும். பிள்ளை விரல் சூப்பினால் உள்ளே போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் கூடாதென்று 2017 நவம்பரில் விதி அமலானது. முன்பு அடித்தது கதவிலேயே இருக்கிறதே!

"இருபது வருஷமா தேய்க்கேன், எனக்கென்னக்கா ஆச்சு?" என்று சிரித்தார். நான் விடவில்லை. பேரனை அடுத்த தெருவுக்கு அனுப்பி, கதவை நனைத்துத் தேய்க்க வைத்தேன். துடைப்பம் தொடாமல் ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்தோம். மறுநாள்தான் பிள்ளையை உள்ளே விட்டேன். மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.