கொல்லைக் கதவு

"மன்னி, உடம்பு எப்படி இருக்கிறது? கேட்ட இருபதாயிரத்தை அனுப்பிவிட்டேன்!" டெலிபோனில் நாத்தனார் பதறினாள். நானோ அடுப்படியில் வற்றல் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்! என் மின்னஞ்சலில் எவனோ புகுந்து, என் பெயரால் கடிதம் போட்டிருக்கிறான்.

சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை உடனே அழைக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றினேன். "வாசலைப் பூட்டினால் போதுமா, அம்மா? கொல்லைக் கதவு?" என்றான் பிள்ளை. பார்த்தால், எனக்கு வரும் கடிதங்களின் நகல் தனக்கும் வரும்படி அந்தப் புண்ணியவான் ஏற்பாடு செய்திருந்தான்! அதை நீக்கினோம். கடவுச்சொல்லோடு செல்போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி செய்தோம்.

பணம் இன்னும் திரும்பவில்லை. தீபாவளிப் புடவைத் தகராறில் இரண்டு வருஷமாக என்னோடு முகங்கொடுத்துப் பேசாதவள், ஆபத்தென்றதும் யோசியாமல் அனுப்பினாளே! அவள் மனசை எனக்குக் காட்ட ஒரு திருடனா வரவேண்டும்?