கொல்லாமல் விட்டால் போதுமா?

பதுங்கிப் பதுங்கி ஆடும் விளையாட்டுகளில் எனக்கு 'டிஸ்ஹானர்ட்' மேல் தனிப் பிரியம். ஆர்கேன் ஸ்டுடியோஸ் உருவாக்கியது; 2012-இல் வெளிவந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் கூரைவிட்டுக் கூரை பாயலாம், காலத்தையே நிறுத்தலாம், எலிக்கூட்டத்தை ஏவி ஆளைத் தின்னவைக்கலாம். இத்தனை சக்தியையும் கொடுத்துவிட்டு, கொல்வதா வேண்டாமா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. கொலைகள் கூடக்கூட டன்வால் நகரில் எலிகளும் கொள்ளைநோயும் பெருகும். கதையில் நாம் காக்க வேண்டிய சிறுமி எமிலி வரையும் படங்கள்கூட இருண்டுபோகும். அதைப் பார்த்தபின் எனக்குக் கத்தியை எடுக்க மனம் வரவில்லை.

ஆனால் கொல்லாத வழி மட்டும் என்ன வாழ்கிறது? நம் இலக்குகளான பெண்டில்டன் இரட்டையரை உயிரோடு விட்டால், நாக்கை அறுத்து அவர்களுடைய சுரங்கத்திலேயே அடிமைகளாக்கிவிடுகிறார்கள். இன்னொரு இலக்கான லேடி பாயிலையோ, அவள்மேல் பித்துப் பிடித்தவனிடம் மயக்கநிலையில் ஒப்படைக்க வேண்டும். இதையெல்லாம் நற்செயல் கணக்கில் வரவு வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2016-இல் வந்த இரண்டாம் பாகத்தில், இந்தச் சக்திகளைத் தரும் அவுட்சைடர் என்ற மாய உருவம் நீட்டும் சக்தியையே வேண்டாம் என்று மறுத்துவிடலாம். அப்புறம் தப்பிப் பாய வழியில்லை. ஒவ்வொரு காவலனின் நடையையும் கவனித்துத்தான் அடி எடுத்துவைக்க வேண்டும். எனக்குப் பிடித்த ஆட்டம் அதுதான். இன்னும் ஆடாதவர்கள் ஒருமுறையாவது அப்படி ஆடிப் பாருங்கள்.