தலைப்பிரசவமும் சயான் ஆஸ்பத்திரியும்

தலைப்பிரசவம்னா தாய்வீடுதான். எங்கேயும் எழுதி வைக்கலைன்னாலும் நம்ம ஆளுங்க மீறாத சட்டம் இது. தாராவியில மூணு தலைமுறையா இருக்குற குடும்பம்கூட, ஏழாம் மாசம் வளைகாப்பை முடிச்சு பொண்ணை நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விட்டுடும். ஒன்றரை நாள் பயணம். அம்மா கைச்சாப்பாட்டுக்காக ஆந்திரா வெயிலைக்கூடத் தாங்கிக்கிட்டுப் போவாங்க.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏழாம் மாசம் பிராஞ்சுல ஆடிட், லீவு கிடைக்கலை. எட்டாம் மாசம் பிள்ளைத்தாய்ச்சியை வழியனுப்பக் கூடாதுன்னு அத்தை உறுதியா சொல்லிட்டாங்க. ஒன்பதாம் மாசத்துக்கு திருநெல்வேலிக்கு டிக்கெட் போட்டிருந்தோம். 2010 ஜூலை, 33-ஆவது வாரம், வழக்கமான செக்கப். பி.பி. 150/100. சிறுநீர்ல புரதம். பேரு பதிஞ்சு வச்சிருந்த நர்சிங் ஹோம்ல, "குறைமாசக் குழந்தையைப் பாக்க எங்ககிட்ட வசதி இல்லை, வேற இடம் பாருங்க"ன்னு ஒரு சீட்டை எழுதிக் கையில குடுத்துட்டாங்க. ஆம்புலன்ஸ்கூட ஏற்பாடு பண்ணலை. கொட்டுற மழையில டாக்சி பிடிச்சு சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

லோகமான்ய திலக் முனிசிபல் ஆஸ்பத்திரின்னு முழுப்பேரு. தாராவிக்கு அந்தப்பேரெல்லாம் வேண்டாம், சயான் போதும். எங்க தெருவுல பாதிப் பிள்ளைங்களுக்குப் பிறந்த இடம் அதுதான்.

கால் வீங்கினதை நாங்க யாரும் பெருசா எடுத்துக்கலை. மாசமா இருந்தா கால் வீங்கத்தானே செய்யும்? ஆனா 20 வாரத்துக்கு அப்புறம் பி.பி. 140/90-ஐத் தொட்டு, கூடவே புரதமும் போனா அது வேற கதை. முத்தினா வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. இதுக்கு ஒரே தீர்வு பிரசவம்தான். ஆனா 33 வாரத்துல பிள்ளையோட நுரையீரல் இன்னும் தயாராகியிருக்காது. அதனால நுரையீரல் பலப்பட 12 மணிக்கொரு ஊசின்னு நாலு ஊசி போட்டாங்க. அப்புறம் ஒரே வேலைதான். காத்திருக்கணும்.

ஒவ்வொரு நாள் தள்ளினாலும் பிள்ளைக்கு லாபம், எனக்கு ரிஸ்க். பி.காம். படிச்சு பேங்குல குப்பை கொட்டுறவளுக்கு இந்தக் கணக்கு உடனே புரிஞ்சுது. கட்டில் காலடியில தொங்குன பி.பி. சார்ட்டைத் தினமும் லெட்ஜர் மாதிரி பாப்பேன். 140/90 வந்தா அன்னிக்கு சாப்பாடு இறங்கும். 150/100 வந்தா இறங்காது.

பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா. அவங்களும் தாராவிதான், பூர்வீகம் விளாத்திகுளம் பக்கம். லெதர் பை தைக்கிற வேலை, பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. முதல் பிள்ளை வயித்துலயே அசைவில்லாமப் போயிடுச்சாம். அதனால சாப்பிட்டு முடிச்சதும் இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, பிள்ளை உதைக்கிறதை வளையலைத் தள்ளித் தள்ளி எண்ணுவாங்க. ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவாவது இருக்கணும்னு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. "தங்கச்சி, உன் பிள்ளை எத்தனை?"ன்னு என்கிட்டயும் கேப்பாங்க. நான் பத்து சொன்ன பிறகுதான் அவங்க தூங்குவாங்க. எனக்கு லீவுலயும் சம்பளம் வந்துக்கிட்டு இருந்துச்சு. படுத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அவங்களுக்குக் கூலி நஷ்டம். ஒருநாள்கூட அதைச் சொல்லி அழுதது கிடையாது.

அத்தை காலையில ரெண்டு மணிக்கு எந்திரிச்சு இட்லி அவிக்கிறவங்க. வியாபாரத்துக்கு ஆளை அனுப்பிட்டு எனக்கும் அந்த அக்காவுக்கும் சேர்த்துத் தூக்குவாளியில கொண்டு வருவாங்க. ஊர்ல இருந்து அம்மா வந்து சேர பத்து நாள் ஆச்சு. நம்ம ரங்கமணி ஆபீஸ் முடிஞ்சதும் வந்து மாடிப்படிக்குக் கீழே நிப்பார்.

19-ஆவது நாள் ராத்திரி தலைவலி மண்டையைப் பிளந்தது, கண்ணுக்கு முன்னால பூச்சி பறந்தது. அந்த அக்காதான் சிஸ்டரைக் கூப்பிட்டாங்க. உடனே மெக்னீசியம் சல்பேட் ஏத்தினாங்க. உடம்பெல்லாம் தீ மாதிரி எரிஞ்சுது. 33 நாடுகள்ல பத்தாயிரம் பெண்களுக்கு மேல வச்சு நடத்தின மேக்பை ஆய்வு 2002-ல வெளியாச்சு. இந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைக்குதுன்னு அதுல நிரூபிச்சாங்க. அதெல்லாம் பின்னால படிச்சது. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது எரிச்சலும் பயமும்தான். விடியறதுக்குள்ள ஆபரேஷன். பெண் குழந்தை, 1 கிலோ 900 கிராம்.

எனக்குப் பால் சுரக்க நாலு நாள் ஆச்சு. அதுவரைக்கும் என் பொண்ணு குடிச்சது யாரோ பெத்தவங்க கொடுத்த பால். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல இதே ஆஸ்பத்திரியில டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் ஆரம்பிச்சதுதான். தன் பிள்ளைக்குப் போக மிச்சமிருக்கிறதைத் தாய்மார்கள் கொடுப்பாங்க. அதை 62.5 டிகிரியில அரைமணி நேரம் சூடாக்கி, உறைய வச்சு, குறைமாசக் குழந்தைகளுக்குக் கொடுப்பாங்க. பத்து வருஷத்துக்கு மேல பேங்குல வேலை பாத்தும் இப்படி ஒரு பேங்க் இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஈடு கிடையாது, வட்டி கிடையாது, கடன் கொடுத்தது யாருன்னும் தெரியாது. எனக்கு நல்லா சுரக்க ஆரம்பிச்சதும் டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் கொடுத்தேன். அசல் தீர்ந்துச்சான்னு இன்னிக்கும் கணக்குப் போட முடியலை.

அந்த அக்காவுக்கு அடுத்த வாரம் பையன் பிறந்தான். நல்லா அழுதானாம்.

ஊரை விட்டு வந்த நம்ம குடும்பங்களுக்கு நான் சொல்றது இதுதான். எங்கே பேரு பதிஞ்சாலும், குறைமாசக் குழந்தையைப் பாக்க வசதி இருக்கான்னு முதல்லயே கேளுங்க. தலைவலி, கண்ணு மங்கல், மேல்வயித்து வலி, திடீர் முகவீக்கம் வந்தா ரயில் டிக்கெட்டை மறந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. 2011-ல வந்த மத்திய அரசுத் திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில பிரசவம், சிசேரியன், மருந்து எல்லாம் இலவசம். பிரசவ அறையில ஒரு துணை கூட இருக்கலாம்னு 2016-லயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தாச்சு. கேட்டு வாங்குங்க. பக்கத்துல தமிழ்ல ஒரு குரல் கேட்டாலே பாதி பயம் போயிடும்.

தாய்வீட்டுக்குப் போக முடியலைன்னு யாரும் உடைஞ்சு போக வேண்டாம். எனக்கு அந்த வார்டுதான் தாய்வீடா இருந்துச்சு.