லாசுப்பேட்டையில வேலை இருக்கா?

புதுச்சேரி திருபுவனை பஸ் ஸ்டாப்புல பக்கத்து வீட்டுப் பெரியம்மா பிடிச்சுக்கிட்டாங்க.
மகன் தோஹாவுல பைலட். ஊரோட வந்துடணுங்கிறானாம்.

"லாசுப்பேட்டையிலதான் பிளேன் வந்து போவுதே, அங்க கேட்டுப் பாரேன்பா."

பெரியம்மா, அது ஏடிஆர், சின்ன விமானம். 2024 டிசம்பர்ல இண்டிகோ விட்டது, பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்.
தம்பி ஓட்டுறது பெரிய போயிங். விமானம் மாறினா திரும்பப் பயிற்சி, திரும்பப் பரீட்சை.

இங்க ஆள் தேவைதான்.
2023ல ஏர் இந்தியா 470 விமானம் வாங்குறோம்னுச்சு, இண்டிகோ 500.
2025 டிசம்பர்ல, புது ஓய்வு விதிக்குப் பைலட் பத்தாம இண்டிகோ பட்ட பாட்டைத்தான் நாடே பார்த்துச்சே!

ஆனா இந்திய லைசென்ஸ் காலாவதியாகாம இருக்கணும். மெடிக்கல் தேறணும்.
அங்க கேப்டன்னா இங்கேயும் கேப்டன்னு உத்தரவாதம் கிடையாது.
வரியில்லாத சம்பளத்துக்கு டாட்டா.
பிடிக்கலைன்னு கிளம்பவும் முடியாது. கேப்டனுக்கு ஒரு வருஷ நோட்டீஸ்னு 2017லயே விமானத்துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏ விதி போட்டாச்சு.

இவ்ளோ விளக்கினவனுக்கு விமானத்தோட இருக்குற ஒரே உறவு ஜன்னல் சீட்டு. அதுவும் காசு கேட்டா நடு சீட்டு 😄

வளைகுடாவுல பறக்குற நம்மாளுங்க யாராச்சும் சொல்லுங்கப்பா...
தோள்பட்டையில ஒரு பட்டை குறைஞ்சாலும் வருவீங்களா?